மார்பளவுத் தண்ணீர்

— ஈசிஜி நார்மல்னு கொட்டை எழுத்துல அடிச்சுக் குடுத்திருக்காங்க டாக்டர். ரெண்டு தடவை எடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு எங்களைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கீங்க?

— உங்க பொண்ணு மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்திருக்காங்கம்மா. அது நார்மல் இல்லையே.

— பட்டினியா ஓடுவா. ஒரு வாய் தின்னுட்டுப் போடின்னா கேட்டாத்தானே.

— அம்மா, அன்னிக்கு மூக்கு முட்டத் தின்னுட்டுதான் போனேன். டாக்டர், எம்ஆர்ஐல என்ன இருந்துச்சு? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

— ஈசிஜி இதயத்துல ஓடற மின்சாரத்தைத்தான் பார்க்கும். சதையில கோளாறு இருந்தாலும் சிலருக்கு அது சுத்தமா வந்துடும். ஸ்கேன்ல உங்க இதயச் சதையில தழும்பு தெரியுது.

— தழும்பா? இவ மேல ஒரு கீறல் பட விட்டதில்லையே நான்.

— வெளிக்காயம் இல்லம்மா. எப்பவோ வந்த காய்ச்சலோட வடுவா இருக்கலாம். பரம்பரையாவும் இருக்கலாம். பரம்பரைன்னா வைத்தியமே வேற. அதான் கேக்கறேன், உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?

— இல்ல. எங்க ஆளுங்க எல்லாம் கல்லு மாதிரி. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்ததில்ல.

— மாமா?

— வாயை மூடுடி.

— யாரு அந்த மாமா? மறைக்காம சொல்லுங்கம்மா, நான் போலீஸ் இல்ல.

— அது வேற கதை டாக்டர். எங்க அண்ணன். தண்ணியில போயிட்டான்.

— நீச்சல் தெரியாதா?

— நல்லாக் கேட்டீங்க. ஊர்ல பாதிப் பேருக்கு நீச்சல் பழக்கி விட்டவனே அவன்தான்.

— அப்போ ரொம்ப ஆழமா?

— மார்பளவு. எழுந்து நின்னிருந்தாப் பொழைச்சிருப்பான். நிக்கல. காலையிலதான் பொண்டாட்டியோட சண்டை. என்ன பண்ணிக்கிட்டான்னு எங்களுக்குப் புரிஞ்சு போச்சு. வெளியில கால் வழுக்கிடுச்சுன்னு சொன்னோம்.

— அத்தைதான் கொன்னான்னு நீ வாசல்ல நின்னு கத்தினதையும் சொல்லும்மா.

— கத்தினேன். கைப்பிள்ளையத் தூக்கிட்டுப் போனவ, அதுக்கப்புறம் எங்க முகத்துல முழிக்கல.

— இதைக் கேளுங்கம்மா. இந்த நோய் இருக்கறவங்களுக்கு நீந்தும்போது இதயம் தாறுமாறா அடிச்சு, சட்டுனு நினைவு தப்பிடலாம். நினைவு தப்பினா முழங்கால் தண்ணியே போதும். உங்க அண்ணனுக்கு அதான் ஆச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இந்தத் தழும்பைப் பார்த்தப்புறம் எனக்குச் சந்தேகம் பலமாயிருக்கு. ரத்தத்துல மரபணு பார்க்கணும். உங்களுக்கும்தான்.

— அப்போ... அவனா முடிச்சுக்கலையா?

— அம்மா, இப்படி வா. என் கையப் பிடிச்சுக்க.

— என்னை விடு. அந்தக் கைப்பிள்ளை... இப்ப எங்க இருக்கானோ, என்னவோ.

— இருக்கான். உனக்குத் தெரியாம நாங்க பேசிட்டுதான் இருக்கோம். அப்புறமாத் திட்டு.

— என்ன பண்றான்?

— மாமா மாதிரியேதான். அடுத்த வாரம் போட்டி. இந்நேரம் குளத்துல பயிற்சியில இருப்பான்.

— அவங்கம்மா நம்பர் இருக்கா? போடு. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லாத, வெச்சிடுவா. முதல்ல பிள்ளையத் தண்ணிய விட்டு ஏறச் சொல்லு.