பெரியவன் விட்டுப்போன வாசனை

எலி மூத்திரத்தைப் பற்றி என்னிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததில்லை, சார். நீங்களாகவே கேட்டுவிட்டீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். கூண்டு கழுவ வேண்டும், மரத்தூள் மாற்ற வேண்டும், விஞ்ஞானிகள் கேட்டால் மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள், சோறு போட்ட தொழில். மனிதனுக்கு மூத்திரத்தில் புரதம் போனால் டாக்டர் முகம் மாறிவிடும். ஆண் சுண்டெலிக்கோ அதுதான் முகவரி. ஒவ்வொருவனுக்கும் ஒரு கலவை. போகிற இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக வைத்துக்கொண்டே போவான். அந்தப் புரதம் வாசனையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஆள் நகர்ந்த பிறகும் ‘இது என் இடம்’ என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். எங்களிடம் ஒருவன் இருந்தான், பெரியவன் என்று கூப்பிடுவேன். அவன் நனைத்த மரத்தூளை வேறு கூண்டில் போட்டால், அங்கிருப்பவன் மூலையில் ஒதுங்கிவிடுவான்.

மாப்பிள்ளையும் அங்கேதான் வேலை பார்த்தார். தங்கமான மனுஷன். என் தங்கை பாப்பாவுக்கு நானே பார்த்து முடித்துவைத்தேன். அப்பா அம்மா போனபின் அவளை வளர்த்தவன் நான். பிரிய மனசில்லாமல் அவரை வீட்டோடு மாப்பிள்ளையாகவே கூட்டிவந்தேன். கொஞ்ச நாளில் அவருக்குத் தும்மல், பிறகு மூச்சு இழுப்பு. எலி மூத்திரத்துப் புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. “இனி எலி இருக்கிற பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க” என்றார் டாக்டர். மாப்பிள்ளை அலுவலகப் பிரிவுக்கு மாறினார், சரியாகிவிட்டது. நானும் அன்றுமுதல் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவேன். அவ்வளவு பாசம்.

நாற்காலியில்தான் ஆரம்பித்தது. ஜன்னலோரம் இருக்கும் என் நாற்காலியில் ஒருநாள் அவர் துண்டு கிடந்தது. மறுவாரம் அவரே கிடந்தார். என் சோப்பு இருந்த இடத்தில் அவர் சோப்பு. ஒருநாள் பாப்பா ஹாலில் நின்று மூச்சை ஆழமாக இழுத்தாள்.

“வீடு பூரா அவர் வாசனைதாண்ணா. நல்லாருக்கில்ல?”

“நல்லாத்தாம்மா இருக்கு” என்றேன்.

ஆளைத் தீர்த்துவிட வேண்டும் என்று நினைக்கவில்லை, சார். கொஞ்சம் ஒதுங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். பெரியவன் நனைத்த மரத்தூளைக் காயவைத்துப் பொடித்து, அவர் தலையணைப் பஞ்சுக்குள் ஒரு சிட்டிகை வைத்துத் தைத்தேன். மனித மூக்குக்கு ஒன்றும் தெரியாது. தையல் எனக்குச் சுத்தமாக வரும். பாப்பாவின் பள்ளிச் சீருடை எல்லாம் நான் தைத்ததுதான்.

இழுப்பு திரும்பியது. “மச்சான், இந்த வீடே எனக்கு ஒத்துக்கலையோ?” என்று அவரே கேட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

“காத்து மாறினா சரியாயிரும் மாப்பிள்ளை. கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல இருந்துட்டு வாங்க.”

எலியாக இருந்தால் போயிருக்கும். இங்கேதான் என் கணக்கு தப்பியது. “அவளையும் உங்களையும் விட்டுட்டுப் போய் நான் என்ன பண்ணப்போறேன்?” என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். தலையணையை மறுபடியும் பிரித்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்துமா நல்ல மனுஷனைக் கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நல்ல மனுஷன்தான், நான் மறுக்கவில்லை. முன்னால் நின்று தோள் கொடுத்ததும் நான்தான்.

நானாக உங்களைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் பாப்பா. அவர் போனதிலிருந்து அந்தத் தலையணையை விடமாட்டேன் என்கிறாள். உறையைக்கூட மாற்ற விடுவதில்லை. “அவர் வாசனை இதுல மட்டுந்தாண்ணா மிச்சம் இருக்கு” என்று முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்துக்கிடக்கிறாள். அவர் வாசனை எப்போதோ போய்விட்டது, இன்னும் அதில் குடியிருப்பவன் பெரியவன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? இப்போது அவளுக்கும் மூச்சு இழுக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறாள். எதனால் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, சார்.

ஆமாம், மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் ஆளை அனுப்பி அந்தத் தலையணையை வாங்கச் சொல்லுங்கள். நான் கேட்டால் தரமாட்டாள். வெறுமனே பிடுங்கிவிடாதீர்கள், பிள்ளை தவித்துப்போவாள். வீட்டில் என் கட்டிலில் என் தலையணை இருக்கிறது. பதிலுக்கு அதைக் கொடுங்கள். உறையை மட்டும் துவைக்க வேண்டாம்.