திவசச் சாப்பாட்டு ரசீது

பொலிதேயாமாவில் இருந்து பிரான்காச்சோ போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவரும் சிஞ்ஞோராக்கள் எனப்படும் இத்தாலிய எசமானிகளின் வீடுகளில் வேலை செய்து, இப்போது பென்சன் எடுப்பவர்கள் என்று அவர்கள் கதைத்ததில் தெரிந்தது. மூத்தவரின் மடியில் ஒரு கடித உறை.

"செத்த மனுசன் தருமம் குடுக்கேலாதாம்," என்றார் மூத்தவர்.

நான் கைபேசியைப் பைக்குள் வைத்தேன்.

"ஆரக்கா சொன்னது?"

"வரிப் பத்திரம் நிரப்புற பெட்டை. என்ரை மனுசன்ரை திவசத்துக்கு வருசாவருசம், வுச்சீரியாவிலை ஏழையளுக்குச் சாப்பாடு குடுக்கிற இடத்துக்கு பாங்கிலை இருந்து காசு அனுப்பிறனான். அதுக்கு வரியிலை கொஞ்சம் கழிப்பினமாம். ஆனா ரசீது மனுசன்ரை பேரிலை இருக்கிறதாலை எனக்குக் கழிக்கேலாதாம்."

"ஏன் அப்பிடி எழுதுவிச்சனீங்கள்?"

"நான்தான் கேட்டு எழுதுவிச்சனான். திவசம் அவருக்கல்லோ."

பஸ் ஒரு சந்தியில் வெகுநேரம் நின்றது. இளையவர் மெதுவாகச் சொன்னார்: "வாற வருசம் உங்கடை பேரைப் போடுங்கோ. மனசுக்குள்ளை அவரை நினைச்சால் காணுந்தானே."

"வேண்டாம் பிள்ளை. நான் வரியைக் கட்டிப்போட்டுப் போறன்."

"சும்மா ஏனக்கா?"

மூத்தவர் ரசீதை எடுத்து, பெயர் எழுதிய இடத்தை விரலால் ஒருதரம் தடவிவிட்டு, திரும்ப உறைக்குள் வைத்தார்.

"உயிரோடை இருக்கேக்கை அந்த மனுசன் ஒருத்தருக்கும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்ததில்லை. இப்ப மூண்டு வருசமாத்தான் குடுக்குது. அதை நான் ஏன் நிப்பாட்டுவான்?"