நிலவறைக் கதவு

உங்கள் காப்பி நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்துக் காப்பி கழுநீர் மாதிரி இருக்கும் என்று என்னோடு படித்த ஒஸ்மோ சொல்வான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக ஒருமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறான். அதையே ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன். அவன் சொல்வதில் பாதி பொய்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். என் மனைவி ஹில்க்காவை அடக்கம் செய்துவிட்டு சர்ச் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, பின்னால் இருந்த மேசையில் ஒரு பெண் சொன்னாள்: "பாவம் ஹில்க்கா. இத்தன வருஷம் அடுப்படியில நின்னவ, கடைசியில கை தவறிட்டா பாரு." சுற்றி இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஹில்க்காவுக்குக் கை தவறவில்லை. என் நிலவறையிலிருந்து வெளியே போகும் எந்தப் பொருளும் கைதவறுதலால் கெட்டுப்போனதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. இதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டைக் குடைந்து கட்டிய நிலவறை இருக்கிறது. உருளைக்கிழங்கு வைக்கக் கட்டியது. நான் அதை வேறு மாதிரி ஆக்கினேன். பட்டாணி சூப் டின்கள், ஓட்ஸ், உப்பு, காய்ந்த ரை ரொட்டி, தண்ணீர்க் கேன்கள், மண்ணெண்ணெய், பேட்டரியில் ஓடும் வானொலி. அரசாங்கம் வீட்டுக்கு வீடு சொல்கிறது, மூன்று நாளைக்குத் தயாராக இருங்கள் என்று. ஜனங்கள் நாலு தண்ணீர் பாட்டில் வாங்கி மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். நாலாம் நாள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? தயாராக இருக்கிறவன் வீட்டுக் கதவைத்தான். அதனால் தயாராக இருக்கிறவன் இரண்டு விஷயத்துக்குத் தயாராக வேண்டும். பஞ்சம் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரன் ஒன்று.

இதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா?

பக்கத்து வீட்டுக்காரன் ஒஸ்மோதான். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மர லாரி ஓட்டினான், முதுகு போனது, பிறகு மனைவியும் போய்விட்டாள். எங்கள் முற்றத்தைத் தாண்டினால் அவன் வீடு. நான் டின்களை இறக்கும்போதெல்லாம் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பான்.

"என்னடா ரைமோ, நோவா பேழைக்கு ஓட்டையெல்லாம் அடைச்சாச்சா? எனக்கு ஒரு மூல குடுத்தாப் போதும்டா. ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்துல சுருண்டுக்குவேன்."

ஹில்க்கா உள்ளேயிருந்து பதில் சொல்வாள்: "ஜோடியா வந்தாத்தான் ஏத்துவாரு ஒஸ்மோ. உனக்குத்தான் ஜோடி இல்லையே."

"அப்ப ஒரு கோழியக் கூட்டிட்டு வரேன்."

இருவரும் சிரிப்பார்கள். நான் டின்களை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

போன குளிர்காலத்தில் அந்த நாள் வந்தது. பனியின் பாரம் தாங்காமல் மரங்கள் மின்கம்பிகள் மேல் சாய்ந்து, ஏரியின் இந்தக் கரை முழுவதும் இருண்டது. வெளியே மூக்கு உறையும் குளிர். நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாழ்நாளெல்லாம் படித்தவனுக்குப் பரீட்சை வந்த மாதிரி இருந்தது. அடுப்பை மூட்டினேன். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். எந்த வேளைக்கு எவ்வளவு என்று சூப்பை அளந்து வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் ஹில்க்கா முற்றத்துப் பக்கத்துத் துணியை அவிழ்த்துவிட்டு, ஜன்னலில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற? வெளிச்சம் தெரிஞ்சா வந்துருவாங்க."

"வரட்டும்னுதான் வைக்கிறேன்."

"ரெண்டு மெழுகுவத்தி சுதந்திர தினத்துக்குத்தான் வைக்கணும்."

"இருட்டுக்குத் தேதி தெரியுமா ரைமோ?"

உங்களுக்குத் தெரியும், அந்த இரண்டு சுடர்களுக்கு என்ன பொருள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தப்பி ஓடி வருகிறவனுக்கு இங்கே இடம் உண்டு என்பதுதான். ஒஸ்மோ ஓடி வரவில்லை, முதுகைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தான். கையில் ஒரு பை கடமான் இறைச்சி, சட்டைப்பையில் சீட்டுக்கட்டு. "ஃப்ரீசர்ல எல்லாம் உருகுது, தின்னு தீர்க்கலாம் வாங்க," என்றான். மின்சாரம் வரும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்தான். நான் அளந்து வைத்த சூப்பில் அவன் இறைச்சியைப் போட்டு ஹில்க்கா பெரிய பானையில் காய்ச்சினாள். சீட்டாடினார்கள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. விளக்குகள் எரிந்தபோது இருவரும் கைதட்டினார்கள்.

அந்தப் பரீட்சை ஒரே ஒருமுறை வந்தது, அதையும் இவர்கள் விருந்தாக்கிவிட்டார்கள்.

வசந்தத்தில் பனி உருகிய பிறகு கவனித்தேன். முன்வரிசையில் ஓர் இடைவெளி. நெளிந்த டின் ஒன்று அங்கே இருந்தது, அது இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால் பின்வரிசையில் புது டின் ஒன்று நிற்கிறது. பிறகு ரொட்டி, பிறகு ஓட்ஸ். பழையது போகும், புதியது வரும்.

எடுக்கிறவன் திருப்பி வைப்பானா என்று கேட்பீர்கள். என் தூக்கத்தைக் கெடுத்ததும் அதுதான். எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் பயந்தவன். எடுத்துவிட்டு நிரப்பி வைக்கிறவனுக்குப் பயம் இல்லை. திரும்ப வருவதற்கு வழி வைத்துக்கொள்கிறான். நல்ல நாளில் ஒரு டின்னுக்கு ஒரு டின். கெட்ட நாளில்? எனக்கு யார் என்று தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவுதான் என் நோக்கம்.

மே மாதம் மரம் வெட்டிய காட்டு மண்ணில் காதுக்காளான் வந்திருந்தது. பார்க்க மூளை மாதிரி சுருண்டிருக்கும். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், பச்சையாக இருந்தால் விஷம், நிறையத் தண்ணீரில் இரண்டு தடவை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதைப் போல ருசி கிடையாது. சந்தையில் விற்பவர்கள் எச்சரிக்கைச் சீட்டோடுதான் கொடுப்பார்கள். ஒரு கூடை பறித்து வந்தேன். கழுவி, நறுக்கி, உப்புநீர் ஊற்றிக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தேன். வேகவைக்கவில்லை. மற்றப் பாட்டில்களைப் போலவே சீட்டு ஒட்டினேன்: காதுக்காளான், இரண்டு முறை வேகவைத்தது. சீட்டு இல்லாவிட்டால் அது மட்டும் தனியாகத் தெரியும். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். முன்வரிசையில், கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.

எடுத்தவன் சாப்பிடுவான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் படுப்பான், யார் படுத்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சிலருக்கு ஈரல் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். அது சாப்பிடும் அளவைப் பொறுத்தது. அளவாகச் சாப்பிட அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படுத்தது ஹில்க்கா.

குவோபியோ ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார், காளானை எத்தனை தடவை வேகவைத்தீர்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் ஹில்க்கா சொன்னாள்: "அவரக் கேக்காதீங்க டாக்டர், அவருக்குச் சமையல் தெரியாது. நான்தான் அவசரத்துல ஒரு தடவையோட விட்டுட்டேன்."

அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் மஞ்சளாக இருந்தது. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், பதில் தயாராக வைத்திருந்தேன்.

"நெலவறையப் பூட்டி வைக்காத ரைமோ," என்றாள். "ஒஸ்மோ கேக்க மாட்டான். அவனுக்குக் கூச்சம். நீயா கொண்டுபோய்க் குடு."

அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசவில்லை.

மீதியை அடக்கத்துக்குப் பிறகு ஒஸ்மோ சொன்னான். அன்றைக்கு அவன் வேலியில் சாயவில்லை, சர்ச் படியில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்குக் காளானே ஆகாதுடா. பேருக்கு ஒரு கரண்டி வச்சுக்கிட்டேன். ஹில்க்காதான், தனியாச் சாப்பிடாத, நானும் உக்கார்றேன்னு உக்காந்தா. மிச்சத்தக் கொட்டிரலாம்னேன். 'ரைமோ பாத்துப் பாத்துச் சேத்தது, வீணாக்கக் கூடாது, அவரு செஞ்சா சுத்தமா இருக்கும்'னு சொல்லி அவளே தின்னு முடிச்சா."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "குளிர்காலத்துலேர்ந்து வாரத்துல ரெண்டு நாள் ஏதாவது கொண்டு வருவா. 'பழசாகுது, வாங்கிக்கோ, ரைமோவுக்கு ஒண்ணையும் எடுக்க மனசு வராது, புதுசு நான் வாங்கி வச்சிர்றேன்'ம்பா. உனக்குத் தெரியும்னுதான்டா நெனச்சேன்."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். நிலவறையில் பழைய டின் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு ஒழுங்காக இருந்ததே இல்லை. முன்னாலிருந்து பழையதை எடுத்துப் பின்னால் புதியதை வைக்க வேண்டும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. என்னால்தான் முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவள். சொல்லியிருந்தால் இதெல்லாம் எதற்கு?

சாவியைப் பற்றிக் கேட்கிறீர்கள். இரண்டு சாவி. ஒன்று என் கழுத்தில் இருக்கிறது, இதோ. இன்னொன்றை ஹில்க்காவிடம் நானேதான் கொடுத்தேன். இல்லை, பூட்டை யாரும் உடைக்கவில்லை. இல்லை, வேறு யாரிடமும் சாவி இல்லை. நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் ஊகம் வேறு, அத்தாட்சி வேறு. நான் அத்தாட்சிக்காகக் காத்திருந்தேன்.

ஆமாம், அன்று மாலை வீட்டில்தான் இருந்தேன். மே மாதம், ராச் சாப்பாட்டு நேரத்திலும் நல்ல வெளிச்சம் இருக்கும். சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். ஹில்க்கா நிலவறையிலிருந்து வெளியே வந்தாள். பாட்டிலை மேலங்கிக்குள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள், குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி. என் சீட்டு வெளியே தெரிந்தது. ஒஸ்மோ வீட்டை நோக்கி முற்றத்தைக் கடந்தாள். கண்ணாடியைத் தட்டியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பாள். அவ்வளவு தூரம்தான்.

ஆனால் அவள் நிலவறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருந்தாள். ஈரக்காற்று உள்ளே போனால் டின்கள் துருப்பிடித்துவிடும். நான் இறங்கிப் போய் அதைச் சாத்திவிட்டு வந்தேன்.