ரேடியேட்டருக்குப் போட்ட மாலை

அவைக்குத் தலைமை தாங்கும் அன்பர் வைகுண்டராஜன் அவர்களே, வாசகசாலையை வளர்த்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆவலோடு வந்திருக்கும் தாய்மார்களே, மதில்மேல் இடம்பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

எனக்கு மாலை போட்டீர்கள். மேடை வழக்கப்படி உடனே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். அந்த மாலையை மறந்துவிடாதீர்கள்.

பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், 'கோடையில் மோட்டார் எஞ்சினைக் குளிர வைப்பது எப்படி' என்று பேசச் சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் குளத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு, இந்தத் தலைப்பைச் சொல்லவே நாக் கூசுகிறது.

சித்திரை வெயிலில் குளம் வற்றிக் கிடந்தது. வாசகசாலை ஆண்டு விழாவுக்காக அங்கே வட்டமாகக் கொடி நட்டுக் கார்ப் பந்தயம் வைத்தோம். நம் தலைவரின் காரை ஓட்டியவர் முட்டம் கடற்கரைத் தம்பி கிளீட்டஸ். காலையிலேயே எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் நிறைத்தார். இரண்டு சுற்று வேகமாக ஓட்டினால், ஒரு சுற்று மெதுவாக ஓட்டி எஞ்சினை ஆறவிட்டார். ஏன்? எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்னால் வருகிறது. அங்கே தேன்கூடு போலக் கண் கண்ணாக இருக்கிறதே, அதுதான் ரேடியேட்டர். அந்தக் கண்களின் வழியே காற்று நுழைந்து தண்ணீரை ஆற்றுகிறது. உழுகிற மாட்டின் மூக்கைப் பொத்தினால் அது உழுமா? ஓடுகிற காரின் மூக்கைப் பொத்தினால் அது ஓடுமா?

நாம் பொத்தினோம்! கார் முந்தியது, நமக்கு முறுக்கேறியது. சுற்று முடிவில் காரை நிறுத்தி, தோவாளைப் பூவை வண்டி வண்டியாக இறக்கினோம். பிச்சி மாலை, அரளி மாலை, அதன்மேல் கோயிலிலிருந்து வந்த மாலை. அன்பால் மூடினோம், ஆரவாரத்தால் மூடினோம், அந்தக் கண்களில் ஒன்றுகூடத் தெரியாமல் மூடினோம்!

கிளீட்டஸ் கெஞ்சினார். "அண்ணாச்சி, வண்டிக்கு மூச்சு முட்டுகு. மாலைய எடுத்துரட்டா?"

"சும்மா ஓட்டும்வே! பூவுக்க பாரத்துலயா வண்டி நிக்கும்?" என்று கூட்டம் சிரித்தது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன்.

அடுத்த சுற்றில் ஆவி சீறியது. கார் நின்றது. கிளீட்டஸ் குதித்து இறங்கி மாலைகளைப் பறித்தெடுத்தார். கோயில் மாலையும் மண்ணில் விழுந்தது.

"ஏலே, சாமி மாலையையா மண்ணுல போடுக? கடப்பொறத்துக்காரனுக்கு அவ்வளவு திமிரா?"

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

என்ன அம்மா? முன்வரிசையில் செல்லத்தாய் அம்மாள் கேட்கிறார்கள்: "சோறு பொங்கும்போ மூடியத் தொறக்காண்டாமா சாரே?" திறக்க வேண்டும் அம்மா. ஆனால் கொதிக்கிற காருக்கு அந்த வழக்கம் ஆகாது. அடுப்புப் பழக்கத்தைத்தான் அன்று நாமும் செய்யப் போனோம். அறைந்த அதே கை, ரேடியேட்டர் மூடியைத் திறக்க நீண்டது. திறந்திருந்தால் கொதிநீர் பீறிட்டு முழங்கை வரை வெந்திருக்கும். அந்தக் கையை எட்டிப் பிடித்தது யார்? அறை வாங்கிய கிளீட்டஸ்! "தொடாதீங்க அண்ணாச்சி, கை வெந்து போவும். தானா ஆறட்டும்." பச்சைத் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தவரையும் தடுத்தார். சூடேறிய இரும்பில் குளிர்ந்த நீர் விழுந்தால் எஞ்சின் வெடிப்பு விடும். கன்னம் சிவந்து நின்ற மனிதர், நம் கையையும் காத்தார், நம் காரையும் காத்தார்.

நான் என் மாலையைக் கழற்றினேன், கை தட்டினீர்கள். அவர் காரின் மாலையைக் கழற்றினார், கை ஓங்கினோம். எனக்கு மூச்சு முட்டும் என்று தெரிந்த நமக்கு, எஞ்சினுக்கு மூச்சு முட்டும் என்று தெரியாதா? தெரியும் ஐயா, தெரியும்! கழற்றியவர் கடற்கரைக்காரர், அதுதான் நம் கண்ணை மறைத்தது. மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராக முழங்குகிறோமே, முட்டத்தோடு சேர்ந்தோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். எனக்கு இந்த மேடையில் நிற்கவே வெட்கமாக இருக்கிறது.

அதோ, வாசலில் நிற்கிறார் கிளீட்டஸ். கையில் கார்ச் சாவி. கூட்டம் முடிந்ததும் முதலாளியிடம் கொடுத்துவிட்டு ஊருக்கே போய்விடுவதாகச் சொன்னார். அவர் போனால் வேறு டிரைவர் கிடைப்பார். போன மானம் நமக்குத் திரும்பக் கிடைக்குமா?

அறைந்த கை எது என்று நான் சொல்லமாட்டேன். அது ஒரு கொப்புளம்கூட இல்லாமல் இந்தச் சபையில் இருக்கிறது, அதற்குத் தெரியும்.

தலைவர் அவர்களே, ஏன் எழுந்துவிட்டீர்கள்? என்ன சொல்கிறீர்கள்? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

கேட்டீர்களா? "அது எனக்க கைதான் சாரே" என்கிறார்.

கை தட்டாதீர்கள்! தயவுசெய்து தட்டாதீர்கள். அன்று சிரித்தவர்கள் இன்று தட்டுவதற்கு ஒன்றுமில்லை. தலைவர் படியிறங்கிப் போகிறார், வழி விடுங்கள். அந்த மாலையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள் ஐயா, அது மேசையிலேயே இருக்கட்டும். வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு போங்கள். நானும் உங்கள் பின்னால் வருகிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. என் வணக்கத்தை இங்கே சொல்லப்போவதில்லை. அதை வாசலில் நிற்பவரிடம் சொல்லப் போகிறேன்.