சொர்க்கத்துப் பாலத்தின் வாட்ச்மேன்

கேளம்பாக்கத்தில் பஸ் ஏறிய இரண்டு செக்யூரிட்டிகள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"சொர்க்கத்துக்குப் போற பாலத்துக்கே வாட்ச்மேன் கீறானாம், நைனா!" என்று நரைத்த மீசைக்காரர் சீறினார்.

"இன்னா அண்ணாத்த சொல்ற?" என்றான் இளையவன்.

"நார்வே பக்கத்துப் பழைய கதையாம். வானவில்லுதான் பாலம். அத்த காக்குற சாமி, குருவிய வுட கம்மியாத்தான் தூங்குமாம். நீ மட்டும் ஏன்யா கேட்டாண்ட தூங்கினன்னு அபார்ட்மென்ட் செக்ரட்டரி இந்தக் கதைய சொல்லி கத்துறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் மனுசன் சார், டபுள் டூட்டி பாத்துகினு கீறேன்னு சொன்னேன். சாமி நின்னுகினேதான் காக்கும்னாரு. கோவத்துல, அதுக்கு ஒரு சேர் கூடவா போடலன்னு கேட்டுட்டேன்."

"அதுக்கு?"

"கதைல சேரே இல்லன்னு, என் சேரை எத்துகினு பூட்டாரு."