நிறுத்தச் சொன்ன கை

— அப்படியே நில்லு. இந்த அசைவு எங்கருந்து கிளம்புது? தோள்லயா, மணிக்கட்டுலயா?

— எனக்கு என்னக்கா தெரியும்? கிரேன் சரக்கை ஏத்தணும்னா விரலை மேல காட்டிச் சுத்துவேன். பன்னெண்டு வருஷமா சுத்தறேன். எங்கருந்து கிளம்புதுன்னு ஒருத்தனும் கேட்டதில்ல.

— நான் கேக்கறேன். மறுபடி காட்டு. மெதுவா.

— மெதுவா காட்டினா மெதுவா ஏத்துன்னு அர்த்தம். அங்க இருக்கிற இரைச்சல்ல தொண்டை கிழியக் கத்தினாலும் மேல கேக்காது. கைதான் வாய். உன் புருஷனையே கேளு. அந்த கேபின்ல உக்காந்து இத்தனை வருஷமா என் கையைத்தானே பாத்துட்டிருக்கார்.

— அவர் பேச்சை இப்ப எடுக்காத.

— எடுக்காம? நாளைக்குப் பத்து மணிக்கு அந்த விபத்துக்கு விசாரணை. ஓட்டினவரா, சிக்னல் காட்டினவனான்னு ஒருத்தர் வேலை போயிடும். நீ என்னடான்னா ஃபோன் பண்ணி, டான்ஸுக்குப் புதுசா அசைவு வேணும், கிளம்பி வாங்கற.

— ஆறு பொண்ணுங்க எனக்காகக் காத்துட்டிருக்காங்க. மூணு வாரத்துல மேடை. அழகா கையைத் தூக்கறாங்க, அழகா விழறாங்க. பாக்கறதுக்கே அலுப்பா இருக்குடா. வேலை செஞ்ச கை ஒண்ணு வேணும் எனக்கு.

— நல்லாத்தான் பேசற. இது டான்ஸுக்கா, மாமாவுக்கா?

— டான்ஸுக்கு.

— என் தலையில அடிச்சுச் சொல்லு.

— அடிச்சா வலிக்கும், பரவாயில்லயா? தொணதொணக்காம காட்டு. இறக்கறதுக்கு என்ன?

— விரல் கீழ. அதே சுத்து.

— நிறுத்தறதுக்கு?

— கையை நல்லா நீட்டிக்கணும். உள்ளங்கை தரையைப் பாக்கணும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசணும், மேசை துடைக்கிற மாதிரி.

— காத்துல யாரோ எழுதினதை நீ அழிக்கிற மாதிரி இருக்கு.

— ஆரம்பிச்சுட்டியா?

— கண்ணை மூடிக்க. நான் சொல்லச் சொல்லச் செய், யோசிக்காத. ஏத்து. இறக்கு. ஏத்து. நிறுத்து. இறக்கு. நிறுத்து. நிறுத்து. இறக்கு. நிறுத்து… உன் கை தப்பே பண்ணலடா.

— அதைத்தான் ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன். அன்னிக்கும் தப்புப் பண்ணல. நிறுத்துன்னு காட்டினேன். மாமாதான் நான் காட்டவே இல்லங்கறார்.

— அவர் பொய் சொல்ற ஆளில்ல.

— அப்ப நான் சொல்றேனா?

— நான் அப்படிச் சொன்னேனா?

— கீழ நின்னவனுக்கு ஒரு கால் முழங்காலோட போச்சு. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். போன வாரம் என் மூஞ்சியைப் பாத்து, "நீ காட்டினியா?"ன்னு கேட்டான். காட்டினேன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டான். மாமா ஒரு நாள் போனாரா?

— ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போவார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழட்டாம உக்காந்திருப்பார். "காட்டியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"ன்னு சுவரைப் பாத்துக் கேப்பார். எத்தனை தடவை கேப்பார்னு எண்ணறதையே விட்டுட்டேன். அன்னிக்கு நடந்ததைச் செஞ்சு காட்டுடா.

— வந்துட்டியா வழிக்கு. ஃபோன்ல வீடியோ பிடிச்சு நாளைக்கு விசாரணையில கொண்டுபோய்க் குடுக்கவா?

— இந்தா ஃபோன். உன் சட்டைப் பையில போட்டுக்க. போதுமா?

— இதுல டான்ஸ் எங்கக்கா இருக்கு?

— கை மட்டும் தனியா அசையாதுடா. உடம்பு என்ன பண்ணிச்சு, மூச்சு எங்க நின்னுச்சு, அது தெரியாம அந்தப் பொண்ணுங்களுக்கு நான் எதைச் சொல்லிக் குடுக்க? முழுசா ஒரே ஒரு தடவை. அப்புறம் கேக்கவே மாட்டேன்.

— எங்க நிக்கணும்?

— ஹாலுக்கு நடுவுல. நான்தான் கேபின். ஜன்னல் பக்கத்துல அந்த ஸ்டூல் மேல ஏறிக்கறேன்.

— பாத்து ஏறு, ஆடுது. நீயும் விழுந்து வச்சா உன் கேஸுக்கும் நான்தான் சாட்சி.

— ஆரம்பி. நடுவுல நிறுத்தாத.

— குழாய்க் கட்டு தொங்குது. பதினஞ்சு அடி உசரம். உன்னைத்தான் பாக்கறேன். இறக்கு… இறக்கு… கீழ அவன், குழாய் வந்து உக்காரறதுக்கு மரக்கட்டை வைக்கிறான். இறக்கு… ஆளு உசரத்துக்கு வந்தாச்சு. தள்ளி நிக்கிறான், சரியா இருக்கான். இறக்கு… இடுப்பளவு. மெதுவா… ஒரு கட்டை நகருது. விட வேண்டியதுதானே? விடல. காலால தள்ளறான், உள்ள காலை விடறான், பைத்தியக்காரன், உள்ள… நிறுத்து! நிறுத்து! டேய், காலை எடு! எடுடா! நிறுத்து! எடுடா காலை! நிறுத்து!… பாத்தியாக்கா? நாலு தடவை. ஒண்ணு இல்ல, நாலு தடவை காட்டியிருக்கேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நீயே சொல்லுக்கா.

— திரும்பாத. அப்படியே நில்லு.

— அழறியா?

— திரும்பாதன்னு சொன்னேன்ல. கால் நகரக்கூடாது.

— சும்மா பயமுறுத்தாதக்கா. நிறுத்துன்னு காட்டினேனா, இல்லையா?

— காட்டினடா. அவன் பக்கம் திரும்பி, அவனைப் பாத்துக் காட்டின. இங்கருந்து எனக்குத் தெரிஞ்சது உன் முதுகும், ஆடிட்டே இருந்த ஒரு முழங்கையும்தான். நீ இன்னும் இறக்கச் சொல்றதாத்தான் நானும் நினைச்சேன்.