நாற்பத்திரண்டு மூச்சுக்கும் இடம் வைத்த படியம்மாவுக்கு

படிக்கட்டுக்குக் கீழே சாய்ந்த கூரை அறையில் அமர்ந்து, பாடும் வாய்க்கெல்லாம் பாதை போட்ட பெருந்தகையே! குறி அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் குரல் ஒன்றே என்று கண்டவரே! பிழை கண்டால் பொறுக்காதவரே, அது தம்முடைய பிழை என்றால் அறவே பொறுக்காதவரே! இசைப்படிகளை, அதாவது பாடகர் பார்த்துப் பாடும் குறித்தாள்களை, எழுதியும் எண்ணியும் கொடுத்தும் வாங்கியும் முப்பத்தோராண்டு காத்தமையால், பாசத்தோடும் கொஞ்சம் பயத்தோடும் நாங்கள் ‘படியம்மா’ என்றழைத்த, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அம்மையே, வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவது உங்கள் வழக்கம். முப்பதாண்டு நிறைவுக் கூட்டத்தில் அப்படிப் போனவர் திரும்பி வரவேயில்லை. ஆகவே அடுத்த பத்தியிலிருந்து ‘நீங்கள்’ கிடையாது, ‘அவர்’ மட்டுமே. யாரோ ஓர் அம்மாவைப் பற்றிய பேச்சு என்று நினைத்து உட்கார்ந்திருங்கள். முன்வரிசையில் இருக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும், போன ஆண்டு அந்த ஒரு வாரம் நீங்கள் ஏன் தட்டின் முன் உட்கார்ந்தும் சாப்பிடாமல் எழுந்தீர்கள் என்பது இன்றுவரை தெரியாது. அவர்களுக்காகவும் சொல்கிறோம்.

அவர் பணிக்கு வந்தபோது இக்குழுவின் இசைப்படிகள் நகலின் நகலின் நகலாக இருந்தன. சுரக்குறி எது, தாளின் கறை எது என்று கண்டுபிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், நம் நாற்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேருக்கு இசைக்குறி படிக்கவே தெரியாது. பேருந்து ஓட்டுநரும் செவிலியும் தையற்காரரும் பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பார்த்தே பாடிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தோராம் வயதில், கண்ணாடியை மாற்றிக்கொண்டு, இசைக்குறி மென்பொருளைத் தாமே தட்டுத் தடுமாறிக் கற்றார் படியம்மா. எட்டு ஆண்டுகளில் இருநூற்றுப் பதினான்கு பாடல்களைக் குறி குறியாக ஏற்றினார். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் பயிற்சி ஒலி, அவரவர் கைப்பேசியில் போய்ச் சேர்ந்தது. பணிமனையில் வண்டி கழுவும் நேரத்தில் ஓட்டுநர் பழகினார். மருத்துவமனைப் பின்படிக்கட்டில் செவிலி பழகினார். அடுத்தவர் வாயைப் பார்ப்பது நின்றது.

பழைய படிகளைக் கூழாக்க அனுப்பியவரும் அவரே. ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாமே என்று குழுத் தலைவர் கேட்டதற்கு, பழசு இருந்தால் புதுசை யாரும் தொடமாட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். நாற்பத்திரண்டு உறைகளும் வண்டியேறின.

வினை அங்கேதான் தொடங்கியது.

போன ஆண்டு நிகழ்ச்சிக்கு எடுத்த பாட்டின் முடிவில், தனிக்குரல் ஒன்று மேலே பாட, குழு முழுவதும் பதினாறு தாளக் கட்டங்களுக்கு ஒரே ஒலியை விடாமல் தாங்க வேண்டும். பல ஆண்டுகளாக நாம் பாடிப் பழகிய பாட்டு, ஆனால் கைப்பேசி ஒலியோடு பழகி மேடையேற்றுவது இதுவே முதல் முறை. நிகழ்ச்சி ஞாயிறு. அதற்கு முந்தைய திங்கள், முதல் முழு ஒத்திகையில் ஒன்பதாம் கட்டத்தில் ஒலி அப்படியே அறுந்தது. நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினோம். தனிக்குரல் பாட வெளியிலிருந்து வந்த பெண் தரையில்லாத இடத்தில் கால் வைத்தவள்போல் திடுக்கிட்டு நின்றாள். மறுபடி பாடினோம். மறுபடி அதே இடத்தில் அதே பள்ளம். மூன்றாம் முறையும் அப்படியே.

தலைவர் கோலைக் கீழே வைத்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

“முன்னெல்லாம் நாப்பத்திரண்டு பேரும் நாப்பத்திரண்டு விதமா தப்புப் பண்ணுவீங்க, கேக்குறவனுக்குத் தெரியாது. இப்போ எல்லாரும் ஒத்துமையா ஒரே தப்பைப் பண்றீங்க. மெஷினோட பழகினா இப்படித்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள இது நிக்கலைன்னா, அடுத்த பருவத்துல இருந்து ஃபோன் பழக்கம் கிடையாது. நோட்டேஷன் படிக்கத் தெரிஞ்சவங்க மட்டும் நின்னாப் போதும்.”

பத்தொன்பது பேர் தரையைப் பார்த்தார்கள். படியம்மா கடைசி வரிசைச் சுவரோரம் நின்று அந்தப் பத்தொன்பது தலைகளையும் பார்த்தார். எட்டு ஆண்டு உழைப்பு போவதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். நாம் கூட்டி வந்து உட்கார வைத்தவர்களை நாமே எழுப்பி அனுப்பப் போகிறோமே என்பதுதான் அவரை உறுத்தியது.

செவ்வாயன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எந்தப் படியைப் பார்த்து ஏற்றினாரோ கூழுக்கு அனுப்புமுன் எடுத்து வைத்த அதன் படத்தைத் திரையில் விரித்தார். குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. வெளுத்த துணிபோல் சுத்தமாக இருந்தது. மூலையில் பதினேழு என்ற எண். பதினேழாம் எண்ணுக்கு உரியவர் இரண்டே ஒத்திகைக்கு வந்து காணாமற்போனவர்; அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தது பழைய படிகள் கூழான பிறகுதான். இருப்பதிலேயே சுத்தமான படி என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். அது ஏன் சுத்தமாக இருந்தது என்று இப்போதுதான் உறைத்தது. அதை வைத்துக்கொண்டு யாரும் பாடவில்லை.

மற்ற நாற்பத்தொரு படிகளிலும் பென்சில் கீறல்கள் இருந்தன. நீ இங்கே மூச்சு வாங்கு, நான் அங்கே வாங்குகிறேன் என்று பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட குறிகள். அதனால்தான் ஒருவர் விடும் இடத்தை இன்னொருவர் மூடி, ஒலி அறாமல் ஓடியது. அழுக்கு என்று அவர் கூழுக்கு அனுப்பியது அந்த ஒப்பந்தத்தை. எந்திரமோ மூச்சே வாங்காமல் பாடியது. அதோடு பழகிய எல்லோரும் ஒரே வரியை ஒரே மாதிரி பிடித்து, ஒரே இடத்தில் திணறினோம்.

புதனன்று எல்லோரையும் வரச் சொல்லி, தலைவர் முன்னிலையில் எழுந்து நின்றார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பு மெஷினோடது இல்ல. பாடுறவங்களோடதும் இல்ல. என்னோடது.”

நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவரவர் எங்கே மூச்சு வாங்கினோம் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டார். யாருக்கும் நினைவில்லை. எங்கள் மூச்சு பென்சிலுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளி வெள்ளிதான் என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் வேலை முடிந்தவர் முடிந்தபடி அந்தப் படிக்கட்டறைக்கு ஒவ்வொருவராக வந்தோம். இழுத்துப் பிடிக்காமல், இயல்பாக எத்தனை கட்டம் தாங்குகிறோம் என்று பாட வைத்துக் கணக்கெடுத்தார். இடிபோன்ற குரலால் இடிமாமா என்று பேர் வாங்கிய நம் பேஸ் எனும் ஆண் கீழ்க்குரல் பாடகர், பன்னிரண்டு கட்டம் தாராளமாகப் போகும் என்று மார்தட்டிக்கொண்டு வந்தார். படியம்மா நாலு என்று எழுதினார்.

“அஞ்சு போட்டிருக்கலாமேம்மா.”

“அஞ்சாவதுல நீங்க பாடல மாமா, முழிச்சீங்க.”

பிறகு நாற்பத்திரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கினார். அவரவர் வரியில், அவரவர் மூச்சளவுக்கு ஏற்ப, சிறு சிறு இடைவெளிகள் வைத்துச் சிவப்பு அடித்தார். பக்கத்துப் பக்கத்து வரிகளில் சிவப்பு நேருக்கு நேர் வந்தால் ஒன்றை நகர்த்தினார். அதை நகர்த்தினால் இன்னொன்று இடித்தது. பென்சில் காலத்தில் ஒருவருக்கும் தம் பக்கத்து ஆளின் மூச்சுதான் தெரியும். குழுவின் மூச்சு முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தவர் இவர் ஒருவரே. வெள்ளி காலை எங்கள் கைப்பேசிகளில் நாற்பத்திரண்டு ஒலிகள், ஒவ்வொன்றும் ஒருவருக்கே உரியதாக, வந்து விழுந்தன. பழக ஒரு பகல்தான் இருந்தது.

வெள்ளி ஒத்திகையில் ஒன்பதாம் கட்டம் தாண்டியது. பத்து தாண்டியது. பன்னிரண்டில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பக்கம், ஓட்டை விழுந்தது. முன்னைவிடச் சின்ன ஓட்டை, ஆனால் ஓட்டை ஓட்டைதான். தலைவர் தாள்களை அடுக்கத் தொடங்கினார். செவிலி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

படியம்மா மடிக்கணினியோடு ஆல்டோ வரிசைக்கு வந்தார். திரையைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். தாளத்தை வாய்விட்டு எண்ணும் நம் கணக்கு அக்காவும் அவருடைய அண்ணியும் திரையில் அடுத்தடுத்த வரிகளில் இருந்தார்கள், வரிசையிலோ எதிரெதிர்க் கோடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எடம் மாறி உக்காந்திருக்கீங்களா?”

“அவங்க பக்கத்துல நான் உக்கார மாட்டேன்,” என்றார் கணக்கு அக்கா.

“நான் மட்டும் ஏங்கிட்டா இருக்கேன்?” என்றார் அண்ணி.

வீட்டுச் சண்டை என்னவென்று படியம்மா கேட்கவில்லை, அண்ணியிடம் திரும்பினார்.

“பேச வேணாம், மொகத்தக்கூடப் பாக்க வேணாம். அவ மூச்சு விடுற எடத்துல நீங்க பாடுங்க, நீங்க விடுற எடத்துல அவ பாடட்டும். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல பத்தொம்போது பேர் நிக்கிறாங்க.”

அண்ணிதான் முதலில் எழுந்தார். வந்து உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவர் அடுக்கிய தாள்களைத் திரும்பப் பிரித்தார். பன்னிரண்டு தாண்டியது. பதினான்கில் தையற்காரரின் குரல் சற்று நடுங்கியது, ஆனால் பக்கத்தவர் மூடினார். பதினாறாம் கட்டம் முடிந்து தலைவரின் கை கீழே இறங்கியபோது, செவிலி தோளில் மாட்டிய பையை இறக்கி வைத்தார்.

ஞாயிறன்று கேட்டவர்கள் எதையும் கவனிக்கவில்லை. அதுதான் வெற்றி. திங்களன்று தலைவர் குனிந்து அந்தச் சாய்ந்த அறைக்குள் நுழைந்து, அடுத்த பருவப் பாடல் பட்டியலை மேசைமேல் வைத்தார்.

“இதையும் ஏத்திடுங்க. நாப்பத்திரண்டு பேருக்கும்.”

படியம்மா பட்டியலை வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

அம்மையே, இனி மறுபடியும் ‘நீங்கள்’. நீங்கள் ஏற்றி வைத்த பாடல்கள் இருக்கின்றன, அவற்றில் எங்கள் மூச்சுகள் இருக்கின்றன. புதிதாக ஒருவர் குழுவில் சேர்ந்தால் முதலில் அவர் மூச்சை அளந்து வரியில் சேர்க்கும் முறையையும் விட்டுச் செல்கிறீர்கள். கண்ணுக்கு ஓய்வும் கைக்கு வேலையும், நல்ல பசியும் நல்ல உறக்கமும், வீட்டார் பேச்சும் குழந்தைகள் சிரிப்பும் குறையாமல், நூறாண்டு கடந்தும் நோயின்றி நீங்கள் வாழ வேண்டும். அந்த வாழ்வில் அவ்வப்போது கடைசி வரிசையில் வந்து அமர்ந்து எங்கள் பிழைகளைப் பொறுக்காமல் இருக்க வேண்டும்.

இந்த மடலைக் கையெழுத்துக்குச் சுற்றி விட்டபோது, யார் முதலில் போடுவது என்ற பேச்சு வந்தது. இசைக்குறி படிக்கத் தெரியாதவர்கள் முதலில் போடட்டும் என்று சொன்னவர் குழுத் தலைவர். கீழே முதல் பத்தொன்பது கையெழுத்துகளும் அவர்களுடையவை.

இங்ஙனம்,
அரங்கப் பாடகர் குழுவினர் நாற்பத்திரண்டு பேரும்,
கடைசியில் குழுத் தலைவரும்